மசூலிப்பட்டினம் கலம்காரி: முதல் துணியை நீங்களே அச்சிட ஒரு வழிகாட்டி

கலம்காரித் துணியைப் புதிதாகப் பார்ப்பவர்கள், சிவப்புச் சாயத்தில் அச்சுக்கட்டையைத் தோய்த்துச் சிவப்புப் பூவை அடிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அந்தப் பூவின் மேல் அடிப்பது படிகாரத் தண்ணீர். அதற்கு நிறம் கிடையாது. அச்சு அடித்து முடித்த துணியைச் சாயவேர் போட்ட தண்ணீரில் காய்ச்சும்போது, படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். படாத இடத்தில் ஒட்டும் சாயம் தண்ணீரிலும் வெயிலிலும் போய்விடும். கறுப்புக் கோடும் அப்படித்தான்: அங்கே கறுப்பு மை எதுவும் இல்லை, கடுக்காயும் இரும்பும் துணிக்குள்ளேயே சேர்ந்து கறுப்பாகின்றன.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் பொறுமைதான். இந்தக் கட்டுரை, இதற்குமுன் சாயமே தொடாத ஒருவர் கறுப்புக் கோடும் சிவப்புப் பூவும் கொண்ட சின்னத் துணி ஒன்றை வீட்டு மாடியில் செய்து பார்ப்பதற்கானது. மொத்தம் ஒரு மாதம் பிடிக்கும். அதில் பாதிக்கு மேல் காத்திருப்புதான். கைவேலை சில நாட்கள் மட்டுமே.

எந்த ஊர்த் துணி இது

ஆந்திராவில் கிருஷ்ணா ஆறு கடலைச் சேரும் பகுதியில் இருக்கிறது மசூலிப்பட்டினம். ஊர்க்காரர்கள் பந்தர் என்பார்கள். கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி சுல்தான்களின் முக்கியத் துறைமுகம் அதுதான். டச்சுக்காரர்கள் 1605-லும் ஆங்கிலேயர்கள் 1611-லும் அங்கே பண்டகசாலை போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1669-ல் வந்து சேர்ந்தார்கள். இத்தனை பேரும் வந்ததற்கு முதல் காரணம் துணி.

டச்சுக்காரர்களுக்கு வேண்டியிருந்தது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்த மலுக்குத் தீவுகளில் வெள்ளியை விட இந்தியத் துணிக்குத்தான் மதிப்பு அதிகம். அதனால் சோழமண்டலக் கரையில் துணி வாங்கி, அதைக் கொடுத்துத் தீவுகளில் நறுமணப் பொருள் வாங்கி, அதை ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். அதாவது கிழக்குக் கடலில் நம் துணியே காசாக ஓடியது. சுலாவெசித் தீவின் தொராஜா மக்கள் அப்படி வந்த இந்தியத் துணிகளைக் குலச்சொத்தாகப் பல தலைமுறை பாதுகாத்து, சடங்குகளில் மட்டும் வெளியே எடுத்தார்கள். சயாமுக்குத் தனி வடிவம், பாரசீகத்துக்குத் தனி வடிவம், ஜப்பானுக்குத் தனி வடிவம் என்று ஒவ்வொரு சந்தைக்கும் மாதிரி பார்த்துச் செய்து அனுப்பினார்கள். இன்றைக்கும் மசூலிப்பட்டினம் அச்சில் கொடியும் பூவும் சைப்ரஸ் மரமும் மாங்காய் வடிவமும் நிறைந்திருப்பதில் அந்தப் பாரசீகச் சந்தையின் ரசனையைப் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் இந்தத் துணிக்கு வந்த மோகம் அங்குள்ள நெசவாளர்களைக் கலங்கடித்தது. பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. இங்கிலாந்து 1700-ல் இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது, 1721-ல் உடுத்துவதையே தடுத்தது. துவைத்தால் போகாத நிறத்தைப் பருத்தியில் ஏற்றும் வித்தை அவர்களிடம் அதுவரை சரியாக இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கர்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி, நம் கரையோரத்துச் சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு 1742-ல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர் என்று அவர் சொன்ன வரிசைதான் கீழே நீங்கள் செய்யப் போவதும்.

சாயவேர் நமக்கும் அந்நியமில்லை. இம்பூறல் என்று மருந்துக் கடையில் கேட்டிருப்பீர்கள், அந்தச் செடியின் வேர்தான். சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்திலும் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் தோண்டி எடுத்தார்கள். இலங்கையில் டச்சுக்காரர்கள் அதைத் தங்கள் தனியுரிமைச் சரக்காகவே வைத்திருந்தார்கள்.

மசூலிப்பட்டினம் துறைமுகம் சென்னைக்கும் மற்ற துறைமுகங்களுக்கும் வணிகத்தை இழந்து தேய்ந்துகொண்டிருந்தபோதே, 1864 நவம்பர் 1-ஆம் தேதி புயலோடு கடல் ஊருக்குள் ஏறி ஏறத்தாழ 30,000 பேரைக் கொண்டுபோனது. துறைமுகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தொழில் மட்டும் பிழைத்தது. இப்போது அதைப் பார்க்க வேண்டுமென்றால் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெடனாவுக்குப் போக வேண்டும்.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி மூங்கில் குச்சியால் கையாலேயே வரைவது, புராணக் கதைகள் அதில் அதிகம். தஞ்சை, கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர் கலம்காரியும் கையால் வரைவதே. கோயிலில் தொங்கவிடும் துணிக்குழாய்களான தொம்பைகளுக்கும் குடைகளுக்கும் அது போனது. பெடனாவில் நடப்பது மரக்கட்டை அச்சு. ஓவியம் வரையத் தெரியாதவருக்கும் கைவரும் என்பதால் தொடக்கத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

என்னென்ன வாங்க வேண்டும்

நாட்டு மருந்துக் கடையில் முக்கால்வாசிப் பொருள் கிடைத்துவிடும்: கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி, படிகாரம், மஞ்சிட்டி, வேலம்பிசின். சாயவேர் இன்று சந்தையில் எளிதாகக் கிடைப்பதில்லை. அதற்குப் பதில் மஞ்சிட்டி போதும். இரண்டின் சிவப்பும் நெருங்கிய உறவுதான், படிகாரத்தோடு ஒரே விதமாக வேலை செய்யும். மஞ்சிட்டியைப் பொடியாக வாங்காமல் வேராக வாங்கி இடித்துக்கொள்வது நல்லது. பழைய பொடியில் நிறம் குறைவாக இருக்கும்.

பலசரக்குக் கடையில் கருப்பட்டி அல்லது வெல்லம், புளியங்கொட்டைப் பொடி, வாஷிங் சோடா. பழைய இரும்புக் கடையில் அரைக் கிலோ துருப்பிடித்த ஆணியும் இரும்புத் துண்டும். பூச்சு ஏதும் இல்லாத வெற்று இரும்பாக இருக்கட்டும், துத்தநாகம் பூசிய ஆணி வேண்டாம்.

துணி, காடாத்துணியே சரி. பாலியெஸ்டர் கலந்தது எதுவும் ஆகாது. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: காகிதம் எரிந்த வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி, உருகி உருண்டையானால் கலப்பு.

பாத்திரம் எவர்சில்வரில் பெரியதாக ஒன்று. இதை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இரும்புச் சட்டியில் சிவப்பு காய்ச்சினால் சிவப்பு வராது, மங்கிய பழுப்புதான் வரும்.

அச்சுக்கட்டை. பெடனாவில் தேக்கில் செதுக்குகிறார்கள். ஒரே பூவுக்கு இரண்டு கட்டை வேண்டும்: வெளிக்கோட்டுக்கு ஒன்று, உள்ளே நிரப்ப ஒன்று. இணையத்தில் ஜோடியாக விற்கிறார்கள். முதல் தடவைக்கு உள்ளங்கை அளவுக்குள் இருக்கட்டும், நுணுக்கமான கோடு வேண்டாம். புதுக்கட்டையை இரண்டு மூன்று நாள் எண்ணெயில் ஊற வைத்துத் துடைத்து எடுத்தால் பின்னால் ஈரத்தில் வெடிக்காது.

முதல் வேலை: இரும்புக் கரைசல்

இதைத்தான் முதல் நாளே தொடங்க வேண்டும், தயாராக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அரைக் கிலோ துருப்பிடித்த இரும்பை மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ போட்டு, 100 கிராம் கருப்பட்டியைக் கரைத்த இரண்டு லிட்டர் தண்ணீரை ஊற்றுங்கள். துணியால் வாய் கட்டுங்கள். இறுக்கமான மூடி போடக் கூடாது, உள்ளே வாயு சேரும். நிழலில் வைத்து இரண்டு நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறி விடுங்கள்.

சில நாளில் நுரைக்கும், புளித்த வாடை அடிக்கும். நுரை அடங்கித் தண்ணீர் கறுத்துத் தெளிந்தால் தயார். சோதிக்க, கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த துண்டுத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். கண் முன்னாலேயே கறுக்க வேண்டும். சாம்பல் நிறத்திலேயே நின்றால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள்.

கறுப்பு நன்றாக வரட்டும் என்று இரும்பை அளவுக்கு மீறிச் சேர்க்காதீர்கள். இரும்பு அதிகமானால் காலப்போக்கில் துணியின் நூலை அரித்துவிடும். அருங்காட்சியகங்களில் இருக்கும் சில பழைய துணிகளில் பூவெல்லாம் அப்படியே இருக்க, கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் இற்றுப்போய்க் கிடக்கும். காரணம் இதுதான்.

துணியைத் தயார் செய்வது

காடாத்துணியில் கஞ்சியும் இயற்கையான மெழுகும் இருக்கும். அதை எடுக்காமல் எதுவும் ஏறாது. பழைய முறையில் சாணக் கரைசலில் ஊற வைத்து, அலசி, ஆற்றங்கரையில் நாள்கணக்கில் வெயிலில் விரிப்பார்கள். வீட்டில், 100 கிராம் துணிக்கு ஒரு தேக்கரண்டி வாஷிங் சோடாவும் சிறிது சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, நன்றாக அலசிக் காயவையுங்கள். காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். மேலே உருண்டு நின்றால் மறுபடி கொதிக்க வையுங்கள்.

கடுக்காயும் பாலும்

100 கிராம் துணிக்கு 25 கிராம் கடுக்காய்ப் பொடி. முதலில் கொஞ்சம் வெந்நீரில் குழைத்து, பிறகு அரை லிட்டர் காய்ச்சாத எருமைப்பாலில் கலந்து வடிகட்டுங்கள். எருமைப்பால் கிடைக்காத ஊரில் கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட் பாலும் சரிதான், ஆனால் காய்ச்சக் கூடாது. துணியை ஒருமுறை தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டு இதற்குள் போட்டு, கால் மணி நேரம் கையால் பிசைந்துகொண்டே இருங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் பால் குறைவாகப் போனால் அச்சில் அது தெரிந்துவிடும். அப்புறம் இறுகப் பிழிந்து, வெயிலில் சுருக்கமில்லாமல் விரித்துக் காயவையுங்கள்.

கடுக்காயின் துவர்ப்புதான் இரும்போடு சேர்ந்து கறுப்பாவது. படிகாரம் பருத்தியில் நிற்கவும் அது உதவும். பால் எதற்கென்றால், அதன் கொழுப்பு அச்சுக் கரைசல் நூல்வழி ஓடிப் பரவாமல் தடுக்கும். பாலில்லாமல் கடுக்காய் மட்டும் போட்ட துணியில் ஒருமுறை அடித்துப் பாருங்கள், கோடு கசிந்து தடித்துப் போகும். பால் போட்டதில் கூர்மையாக நிற்கும். இந்தச் சேர்க்கையை யார் எப்போது கண்டுபிடித்தார்களோ, அவர்கள் எந்த வேதியியலாளருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

காய்ந்த துணி வெளிர் மஞ்சளாக, லேசான பால் வாடையோடு இருக்கும். ஈரக் கையும் இரும்பும் அதன்மேல் படக் கூடாது. ஒரு வாரத்துக்குள் அச்சடித்துவிடுங்கள்.

அச்சடிப்பது

மேசையின் மேல் நாலைந்து மடிப்பு சணல் சாக்கு, அதன்மேல் ஒரு பழைய பருத்தித் துணி. கட்டைக்குக் கீழே கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் முழு அச்சும் பதியும்.

இரும்புக் கரைசலை வடிகட்டி, புளியங்கொட்டைப் பொடியைத் தூவிக் காய்ச்சினால் கெட்டியாகும். தோசை மாவை விடக் கொஞ்சம் இளகலாக இருக்கட்டும். படிகாரக் கரைசலுக்கு, கால் லிட்டர் வெந்நீரில் 25 கிராம் படிகாரத்தைக் கரைத்து, முதல் நாளே ஊற வைத்த வேலம்பிசினைச் சேர்த்துக் கலக்குங்கள். இதற்கு நிறமில்லாததால் எங்கே அடித்தோம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிட்டிகை மஞ்சிட்டிச் சாறு கலந்துகொண்டால் வெளிர் சிவப்பாகத் தெரியும். பெடனாவிலும் அடையாளத்துக்குக் கொஞ்சம் நிறம் கலந்துகொள்கிறார்கள்.

கரைசலை நேராகத் தட்டில் ஊற்றிக் கட்டையைத் தோய்த்தால் செதுக்கின பள்ளமெல்லாம் நிறைந்துவிடும். தட்டில் ஒரு துண்டுக் கம்பளியைப் போட்டு அதன்மேல் மெல்லிய துணியை விரித்து, அதில் கரைசலை ஊற வையுங்கள். கட்டையை அதன்மேல் இரண்டு தடவை மெதுவாக ஒற்றி எடுத்து, துணியில் வைத்து, முதுகில் கை முட்டியால் ஒரு தட்டு. இழுக்காமல் நேராகத் தூக்குங்கள்.

முதலில் கறுப்பு வெளிக்கோடு முழுவதையும் அடித்து முடியுங்கள். அடித்த நிமிடத்தில் சாம்பலாகத் தெரியும், காற்று பட்டுக் காயக் காயக் கறுக்கும். அது நன்றாகக் காய்ந்த பிறகு, படிகாரக் கட்டையை அந்தக் கோட்டுக்குள் பொருத்தி அடியுங்கள். பொருந்துவதற்காகக் கட்டையின் மூலையில் சின்னப் புள்ளி செதுக்கியிருப்பார்கள், அதை முன் அச்சின் புள்ளியோடு சேர்க்க வேண்டும். நூலளவு விலகினால் கவலைப்பட வேண்டாம். கை அச்சில் அந்த விலகல் இருக்கத்தான் செய்யும்.

இரும்புக் கரைசலையும் படிகாரக் கரைசலையும் கலந்து மூன்றாவது தட்டு ஒன்று வைத்துக்கொண்டால், அது பட்ட இடம் கடைசியில் கருஞ்சிவப்பாக, காப்பிக்கொட்டை நிறத்துக்குப் பக்கமாக வரும். ஒரே சாயத் தொட்டியில் மூன்று நிறம் கிடைக்கும் என்பது இந்த முறையின் பெரிய அழகு. தண்டுக்கும் இலை நரம்புக்கும் அதைப் பயன்படுத்தலாம்.

அடித்த துணியைக் குறைந்தது மூன்று நாள் காற்றோட்டமான நிழலில் தொங்க விடுங்கள். ஒரு வாரமானால் இன்னும் நல்லது. படிகாரம் நூலுக்குள் ஊன்ற இந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் அலசலில் போய்விடும்.

அலசுவது: எல்லாம் நிற்பதும் கெடுவதும் இங்கேதான்

பெடனாவில் அச்சடித்த துணியை ஓடும் கால்வாயில் அலசுவார்கள். ஓடும் தண்ணீர் என்பதற்குக் காரணம் உண்டு. நூலில் ஊன்றாத மிச்சப் படிகாரம் அலசும்போது கரைந்து வெளியே வரும். தண்ணீர் நின்றிருந்தால் அந்தப் படிகாரம் துணியின் வெற்றிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது கண்ணுக்குத் தெரியாது. நாளை சாயத்தில் போட்டால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்து நிற்கும், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

வீட்டில் ஓடும் கால்வாய் இல்லை, அதனால் இப்படிச் செய்யுங்கள். பெரிய வாளியில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, இரண்டு கைப்பிடி பசுஞ்சாணத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். மிதக்கும் படிகாரத்தைச் சாணம் பிடித்துக்கொள்ளும். துணியை மடிப்பு இல்லாமல் விரித்தபடியே உள்ளே இறக்கி, பத்து நிமிடம் விடாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரு கணமும் துணி மேல் துணி படிந்து கிடக்கக் கூடாது. நகரத்தில் சாணம் கிடைக்காதவர்கள் கோதுமைத் தவிட்டைக் கொதிக்க வைத்த தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். பிறகு நாலைந்து வாளி புதுத் தண்ணீரில், ஒவ்வொரு தடவையும் தண்ணீரை மாற்றி அலசுங்கள். தெருக்குழாயின் அடியில் விரித்துப் பிடித்தாலும் சரி. விரலால் தடவினால் பிசினின் வழவழப்பு எங்கும் இல்லை என்றால் போதும்.

சாயம் காய்ச்சுவது

தண்ணீரைப் பற்றி முதலில். மஞ்சிட்டிக்கும் சாயவேருக்கும் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் பிடிக்கும். கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலில் வளர்ந்த சாயவேருக்கு ஒரு காலத்தில் தனி மதிப்பு இருந்ததற்கும் இதுவே காரணம். அதனால் ஆர்.ஓ. தண்ணீரை விடச் சாதாரணக் குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் மேல். இரும்புள்ள போர்த் தண்ணீர் மட்டும் ஆகாது. வாளியில் செந்துருக் கறை படியும் வீடாக இருந்தால் வேறு இடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவாருங்கள்.

100 கிராம் துணிக்கு 80 முதல் 100 கிராம் இடித்த மஞ்சிட்டி. மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி முந்தைய இரவே பாத்திரத்துத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். துணி தாராளமாக நீந்தும் அளவு தண்ணீர் இருக்கட்டும். காலையில் ஈரத் துணியை இறக்கிச் சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் ஆவி பறக்கும் சூட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆக வேண்டும், அவ்வளவு மெதுவாக. அந்தச் சூட்டில் இன்னும் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். வீட்டு அளவில் தளதளவென்று கொதிக்க விட வேண்டாம், வேரிலுள்ள பழுப்பு இறங்கிச் சிவப்பை மங்கடிக்கும். மரக்கரண்டியால் புரட்டிக்கொண்டே இருங்கள். பெடனாவில் பெரிய செம்புக் கொப்பரைகளில் விறகு மூட்டிச் செய்யும்போது, நீண்ட கழியோடு ஆள் நின்று துணியை ஓயாமல் புரட்டிக்கொண்டே இருப்பார்.

இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் முன்னால் செய்த எல்லாம். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பூ ஒவ்வொன்றாகச் சிவந்து மேலே வரும். குழந்தைகள் வீட்டில் இருந்தால் இதைக் காட்டுங்கள், அடுப்பிலிருந்து தள்ளி நிறுத்தி.

அடுப்பை அணைத்து, துணியை அதே தண்ணீரில் இரவு முழுக்க ஆற விடுங்கள். மறுநாள் அலசுங்கள். வெற்றிடமெல்லாம் இளஞ்சிவப்பாக, அழுக்காகத் தெரியும். பயப்பட வேண்டாம்.

வெயிலில் வெளுப்பது

படிகாரம் பிடித்த சிவப்பு வெயிலைத் தாங்கும். பிடிப்பில்லாமல் வெற்றிடத்தில் ஒட்டிய சாயம் தாங்காது. ஆகவே இரவில் மெல்லிய சாணக் கரைசலிலோ தவிட்டுத் தண்ணீரிலோ ஊற வைத்து, காலையில் அலசி, புல்தரையில் அல்லது மாடித் தரையில் விரியுங்கள். காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். ஈரமும் வெயிலும் மாறி மாறி வேண்டும். மூன்று நாலு நாளில் வெற்றிடம் வெளுத்து இளமஞ்சள் வெள்ளையாகும். பளீர் வெள்ளை வராது, வரவும் வேண்டாம். அந்தத் தந்த நிறத்தில்தான் கறுப்பும் சிவப்பும் அழகாக நிற்கும். பிளீச்சிங் பவுடரைத் தொடவே தொடாதீர்கள்.

மஞ்சள் வேண்டும் என்றால் இப்போது. மாதுளை ஓட்டைக் கொதிக்க வைத்துச் சுண்டிய சாற்றைப் பிசினோடு கலந்து, தூரிகையால் இலைகளின் மேல் தடவிக் காயவிட்டு, படிகாரத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுங்கள். மஞ்சள்தூள் பயன்படுத்த ஆசை வரும். வேண்டாம், வெயிலில் சீக்கிரம் போய்விடும். நீலத்துக்கு அவுரித் தொட்டி வைக்க வேண்டும். நீலம் படக் கூடாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடியாக வேண்டும். அது தனி வித்தை, முதல் துணியில் தொடாமல் இருப்பதே நல்லது.

பெடனாவுக்குப் போவதென்றால், துணி வாங்குவதென்றால்

விஜயவாடாவிலிருந்து மசூலிப்பட்டினம் சுமார் 70 கிலோமீட்டர். குடிவாடா–மசூலிப்பட்டினம் ரயில் பாதையில் பெடனாவுக்கு நிலையம் உண்டு. மழைக்காலத்தைத் தவிர்த்துப் போங்கள், வெயில் இல்லாத நாளில் இந்தத் தொழில் பாதி நின்றுவிடும். பட்டறைக்குள் போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள், படம் எடுக்குமுன்னும் கேளுங்கள். அச்சடிப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் கட்டை செதுக்கும் இடத்தையும் கேட்டுப் போய்ப் பாருங்கள். என் கணக்கில் அந்த ஊரிலேயே அதிக நுணுக்கமான வேலை அதுதான்.

இன்று கடைகளில் கலம்காரி என்ற பெயரில் விற்பதில் நிறைய, திரை அச்சில் அடித்த ரசாயனச் சாயத் துணி. மலிவாக இருக்கிறது, அதை உடுத்துவதில் தவறில்லை. ஆனால் கையச்சுக்கு உரிய விலையை அதற்குக் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்கு மட்டுமல்ல, பெடனாக்காரருக்கும்தான். வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். உண்மையான முறையில் செய்ததில் பின்பக்கமும் நிறம் ஏறத்தாழ அதே அளவு இருக்கும். மேலே மட்டும் நிறம் நின்று பின்னால் வெளிறிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். கட்டையும் கட்டையும் சேரும் இடத்தைத் தேடுங்கள், மெல்லிய இடைவெளியோ கோட்டின் மேல் கோடோ எங்காவது கண்ணில் படும். பத்துப் பூவும் அணுவளவும் மாறாமல் இருந்தால் அது கைவேலை இல்லை. மின்னும் ரோஸ், பளீர்ப் பச்சை, மின்னும் ஊதா எல்லாம் இந்த முறையில் வராத நிறங்கள்.

சிவப்பைப் பற்றி ஒரு நியாயமான சொல். பெடனாவில் இன்று பல இடங்களில் வேருக்குப் பதில் அலிசரின் என்ற செயற்கைச் சாயத்தைப் போடுகிறார்கள். வேரிலிருக்கும் அதே சிவப்பு மூலப்பொருளை 1868-ல் ஜெர்மனியில் நிலக்கரித் தாரிலிருந்து செய்யக் கண்டுபிடித்தார்கள், மறு ஆண்டே தொழிற்சாலைக்குப் போய்விட்டது. அலிசரின் போட்டதாலேயே அது போலி ஆகிவிடாது. கடுக்காய், இரும்பு, படிகாரம், கட்டை, அலசல் எல்லாம் அதேதான். கடைக்காரரிடம் “வேரா, அலிசரினா?” என்று நேராகக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் நேராகவே பதில் சொல்வார்.

துணியைப் பராமரிப்பது

உங்கள் துணியோ வாங்கிய துணியோ, முதல் இரண்டு மூன்று சலவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில். பூந்திக்கொட்டைத் தண்ணீர் சிறந்தது, இல்லாவிட்டால் காரம் குறைந்த திரவ சோப்பு. மஞ்சள் நிறம் சேர்த்த துணியை நிழலில்தான் காயப்போட வேண்டும். எலுமிச்சைச் சாறு, வினிகர், புளித்தண்ணீர் எதுவும் கறுப்புக் கோட்டின் மேல் சிந்தக் கூடாது. புளிப்பு இரும்பைக் கரைத்துவிடும், அந்த இடம் வெளுத்துப் பழுப்பாகும். மேசை விரிப்பாகப் போடுபவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கணக்கில் பெட்டியில் வைப்பதென்றால் ஒரே மடிப்பில் விடாமல் அவ்வப்போது மடிப்பை மாற்றி வையுங்கள், கறுப்பு ஓடும் இடம்தான் முதலில் இற்றுப்போகும்.

மிஞ்சிய சாயத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டாம். அதில் இன்னும் நிறம் இருக்கும். படிகாரத்தில் நனைத்த கைக்குட்டை ஒன்றைப் போட்டால் நல்ல இளஞ்சிவப்பாக எடுக்கலாம். இரும்புக் கரைசல் மாதக்கணக்கில் கெடாது. மூடியைத் தளர்வாக வைத்து, கொஞ்சம் வெல்லத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் அடுத்த துணிக்கும் அதுவே ஆகும்.